ஃபுராஹாவின் தம்பியும் என் தம்பியும்

நெவார்க் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க என்றேன். எதைப் பற்றி என்றார். சண்டை நடக்கும் நாடுகளுக்குப் போகும் அமைதிப்படைகளை ஆயுதக் குழுக்கள் ஏன் தாக்குகின்றன என்பதைப் பற்றி என்றேன். அதுவரை என் முக்காட்டையும் பாஸ்போர்ட் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தாக்குகிறார்கள்?"

அதிகாரி கேட்கும் கேள்வியாக அது இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போல இருந்தது. "நாலு காரணங்கள் இருக்கின்றன" என்று ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. அவர் முத்திரையைக் குத்தி, "நாலா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த "நாலா?" காரில் போகும்போதும் காதில் நின்றது.

2008 அக்டோபர் அது. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். கருத்தரங்கு வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். நான் புறப்பட்டதற்கு உண்மையான காரணம் கலிபோர்னியாவில், பிளசன்டன் என்ற ஊரில் இருந்தது. என் தம்பி ரியாஸ். ராணுவ மருத்துவனாக இருந்தவன். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அமைதிப்படையோடு போனான். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், அதனால் எழுதவில்லை. அங்கே அவன் போன ஆம்புலன்ஸை யாரோ வழிமறித்துச் சுட்டார்கள். இடது தோளில் உலோகத் துணுக்குகளோடும், கேட்காமல் போன இடது காதோடும் திரும்பி வந்தான்.

பதக்கம் கொடுத்தார்கள். காயல்பட்டினத்தில் எங்கள் தெருமுனையில் அவன் படத்தைப் போட்டு, 'சமாதானத் தூதரே வருக' என்று ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். பாராட்டு விழா அன்று காலையில் அவன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். உம்மா, மாலையும் கையுமாக வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருடம் ராணுவத்தை விட்டான். அவன் மனைவி நிலோஃபருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்ததும் குழந்தையோடு அங்கே போய்விட்டார்கள். மனைவியின் விசாவில் போனவன் அங்கே வேலை பார்க்க முடியாது. டாக்டர்களுக்கான அமெரிக்கத் தேர்வை எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், எழுதவில்லை. ஃபோன் போட்டால், "நல்லாருக்கேன் லாத்தா" என்பதோடு முடிந்துவிடும். எங்கள் ஊரில் அம்மாவை உம்மா, அக்காவை லாத்தா, அண்ணனைக் காக்கா என்போம்.

என்ன நடந்தது என்று அவன் எங்களிடம் சொன்னதே இல்லை. அவனிடம் கேட்க முடியாததைப் புத்தகங்களிடம் கேட்கப் போய்த்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

ஜெர்சி சிட்டியில் என் கல்லூரித் தோழி உஷாவின் வீட்டில் தங்கினேன். நியூபோர்ட் பக்கம், ஆற்றைப் பார்த்த அடுக்குமாடி வீடு. ஜன்னலில் மன்ஹாட்டன் முழுசாகத் தெரிந்தது. வீட்டில் யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. டி.வி.யில் பங்குச் சந்தையின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. உஷாவின் கணவர் ரமேஷ் ஒரு வங்கியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கணினிக்காரர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்.

"மண்டே மார்னிங் பேட்ஜ் வேலை செய்யுமான்னு தெரியலைங்க. போன வாரம் எங்க ஃப்ளோர்லயே பாதிப் பேர் காலி."

"பத்து நாளா இதேதான் பேச்சு" என்றாள் உஷா. "நீ சாப்பிடுடி. முருங்கைக்கா ஃப்ரோஸன்தான். சாம்பார்ல போட்டா தெரியாது."

தெரிந்தது. நாராக இருந்தது. ஆனால் பதினேழு மணி நேர விமானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு அது விருந்து.

மறுநாள் கருத்தரங்குக்குப் போக ரயிலேறினேன். நியூ ஜெர்சிக்குள்ளேயே போக வேண்டிய நான், நடைமேடையில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினேன். அது ஆற்றுக்கு அடியில் புகுந்து மன்ஹாட்டனுக்குப் போனது. இறங்கிய இடம் இடிந்த இரட்டைக் கோபுரங்கள் நின்ற பள்ளம். சுற்றிலும் கிரேன்கள், இரும்புக் கம்பிகள், மஞ்சள் சட்டைத் தொழிலாளர்கள். முக்காடு போட்டுக்கொண்டு அந்த இடத்தில் வழி தெரியாமல் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சுவரோரமாக பேகல் தின்றுகொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன். வாயில் ரொட்டியோடு விரலால் காட்டினார். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் வழி கேட்டால் கூடவே நாலு பேர் வந்து ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இங்கே ஒரு விரல் போதும், சரியான நடைமேடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

கட்டுரையை வாசித்தேன். அமைதிப்படை ஒரு பக்கம் சாய்கிறது என்று குழுக்கள் நினைப்பதால் தாக்குகின்றன. அமைதி வந்தால் வசூலும் கடத்தலும் நின்றுபோகும் என்பதால் தாக்குகின்றன. பேச்சுவார்த்தை மேஜையில் தங்கள் விலையை ஏற்றிக்கொள்ளத் தாக்குகின்றன. ஆயுதத்தைக் கொடுத்தபின் தங்களைக் காப்பாற்ற ஆளிருக்காது என்ற பயத்தில் தாக்குகின்றன. கைதட்டினார்கள். தலைமை வகித்த பேராசிரியர், மிகவும் தெளிவான கட்டுரை என்றார். தெளிவு என்ற சொல் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. காபியோடு வைத்திருந்த வட்ட பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மேப்பிள் மரங்களுக்குக் கீழே சும்மா நடந்துகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உஷா சிக்கன் குழம்பு வைத்தாள். அதே கட்டடத்தில் இருக்கும் செல்வராஜா சாப்பிட வந்தார். ரமேஷோடு அதே வங்கியில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கம். நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோனை எடுத்துப் பார்த்தார். வன்னியில் இருக்கும் அக்காவோடு பேசி ஒரு மாதம் ஆகிறது என்று உஷா எனக்குத் தனியாகச் சொன்னாள்.

நான் எதற்காக வந்தேன் என்று அவரும் கேட்டார். சொல்லத் தயங்கினேன். அவர் விடவில்லை. சொன்னதும் ரமேஷ் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார், பேச்சு மாறட்டும் என்று.

"அமைதிப்படையைப் பற்றியோ?" என்றார் செல்வராஜா. கோபம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "உங்கட இந்திய ஆமி எங்கட ஊருக்கு வந்த அண்டைக்கு நான் பள்ளிக்கூடப் பெடியன், அக்கா. ரோட்டில நிண்டு கை காட்டினனான். பூவும் எறிஞ்சனான். கொஞ்ச மாசம் கழிச்சு அதே ரோட்டில அவையளைக் கண்டால் மதில் பாய்ஞ்சு ஓடினனான். ரெண்டும் உண்மை. நீங்கள் எழுதுறவையள் எல்லாரும் ரெண்டாவதைத்தான் எழுதுறியள். பூ எறிஞ்ச பெடியன் ஏன் மதில் பாய்ஞ்சவன் எண்டு ஆரும் கேக்கிறேல்லை."

"ஏன்?" என்று கேட்டேன்.

அவர் ஃபோன் ஒலித்தது. எழுந்து பால்கனிக்கு ஓடினார். தவறான அழைப்பு. திரும்பி வந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது டெக்சாஸ். என் சாச்சா மகள், அதாவது சித்தப்பா மகள், ஜெரினா பிளானோவில் இருக்கிறாள். விமான நிலையத்தில் எனக்கு மட்டும் தனிச் சோதனை. 'தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்' என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி சேரவில்லை. இரண்டு நாள் ஜெரினாவின் சுடிதார்களில் திரிந்தேன். அவள் என்னைவிட ஒரு முழம் உயரம்.

பிளானோவில் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஜெரினாவின் கணவர் லெகஸி பக்கம் ஆபீசுக்குப் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்கு. பால் வாங்கி வருகிறேன் என்று நடந்தே கிளம்பினேன். ஆறு வழிச் சாலை. ஓரத்தில் நடைபாதை கொஞ்ச தூரம் வந்து அப்படியே நின்றுபோனது. புல்லில் நடந்தேன். ஒரு போலீஸ் கார் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. கார் ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார் அதிகாரி. சும்மா நடக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடைவரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். போலீஸ் வண்டியில் வந்து இறங்கினேன் என்று ஊரில் தெரிந்தால் உம்மா ஒரு வாரம் தெருவில் தலைகாட்ட மாட்டார்கள்.

"லாத்தா, உங்களுக்கு ஒரே எடத்துல உக்கார முடியல. நாளைக்கு என்கூட வாங்க" என்றாள் ஜெரினா. அவளும் பள்ளிவாசலில் பழக்கமான சில பெண்களும் அகதிக் குடும்பங்களுக்குப் போர்வை, பாத்திரம் எல்லாம் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். டாலஸில் ஒரு பழைய குடியிருப்பு. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு நாட்டு மணம். ஒரு கதவுக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். நெத்திலிக் கருவாடு. சந்தேகமே இல்லை.

அது ஃபுராஹாவின் வீடு. நாற்பது வயதைத் தாண்டிய, அகன்ற தோள்கள் கொண்ட பெண். ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. ரியாஸ் போயிருந்த அதே நாட்டைச் சேர்ந்தவள் என்று ஜெரினாவுக்கும் அதுவரை தெரியாது. அண்டை நாட்டு முகாமில் பல வருடங்கள் இருந்து அங்கே ஆங்கிலம் கற்றிருந்தாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

அவள் வறுத்துக்கொண்டிருந்தது அவர்கள் ஏரியில் பிடிக்கும் பொடி மீன், காயவைத்தது. ஊரில் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தாளாம். "பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று மேனேஜரிடம் புகார் செய்கிறார்கள்" என்றாள். எங்கள் ஊரிலும் இதே மீன் உண்டு என்றதும் முகம் மலர்ந்து, சோள மாவில் கிண்டிய களியோடு ஒரு தட்டை என் முன்னால் வைத்தாள். களியைக் கிள்ளி, மீனைச் சேர்த்து உருட்டி வாயில் போட்டேன். மிளகாய்தான் குறைவு. அமெரிக்காவுக்கு வந்தபின் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அதுதான்.

"என் தம்பி உங்கள் நாட்டில் இருந்தான்" என்றேன். "டாக்டர். அமைதிப்படையோடு."

அவள் கை அடுப்பின்மேல் நின்றது. எந்த ஊரில் என்று கேட்டாள். சொன்னேன். அது எங்கள் பகுதியிலிருந்து வெகு தூரம் என்றாள். அடுப்பை அணைத்தாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு தம்பி. பராக்கா. அவன் வெள்ளை வண்டிகளைச் சுட்டவன்."

அருள் என்ற பொருளில் பரக்கத் என்று நாங்கள் சொல்கிறோமே, அதே சொல்தான் அவன் பெயர். ஜெரினா தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அமைதிப்படையின் வண்டிகளுக்கு வெள்ளை அடித்திருப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். ரியாஸின் ஆம்புலன்ஸும் வெள்ளைதான்.

"ஏன் சுட்டான்?" என்றேன்.

ஃபுராஹா சொன்னாள்: "அவர்கள் முதலில் வந்தபோது நாங்கள் பாட்டுப் பாடினோம். துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுங்கள், இனி நாங்கள் காவல் என்றார்கள். எங்கள் கிராமத்துப் பையன்களிடம் கொஞ்சம் துப்பாக்கிகள் இருந்தன. பராக்கா தன்னுடையதைக் கொடுத்தான். பதிலுக்கு ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். சந்தோஷமாக ஓட்டினான். மழைக்காலத்தில் மற்றக் குழு வந்தது. பாயும் பிள்ளைகளுமாக முகாமுக்கு ஓடினோம். என் கணவர் ஓடி வரும்போதே பின்தங்கிவிட்டார், வந்து சேரவே இல்லை. முகாமின் கேட் மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டினோம், கத்தினோம். விடிந்தபிறகுதான் திறந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், மருந்து போட்டார்கள். நல்ல மருந்து."

ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள். "மறுநாள் பெண்கள் கல்லெறிந்தோம். நானும் எறிந்தேன். கண்ணாடி உடைந்தது. வண்டிக்குள் இருந்த சிப்பாய் சின்னப் பையன். எந்த நாட்டுக்காரனோ. அழுதான். பராக்கா கல்லோடு நிறுத்தவில்லை. வேறொரு துப்பாக்கி தேடிக்கொண்டான். எங்களைக் கொல்ல வந்தவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளை வண்டி தினமும் ஒரே சாலையில் போகும். கண்டுபிடிக்க முடிந்தவர்களைச் சுட்டான்."

இதோடு அவள் முடிப்பாள் என்று நினைத்தேன்.

"முழுசாகச் சொல்கிறேன், கேள்" என்றாள். "பிறகு அவனும் அவன் கூட்டாளிகளும் சுரங்கத்துச் சாலையில் லாரிகளை மறித்து வசூல் செய்தார்கள். வெள்ளை வண்டி ரோந்து வந்தால் லாரிக்காரன் பணம் தர மாட்டான். அப்போதும் சுட்டார்கள். ஏன் என்று கேட்டால் அந்தக் கேட்டைச் சொல்வான். நான் அவன் அக்கா. முதல் தடவை கேட்டுக்காகச் சுட்டான், பிறகு சாலைக்காகச் சுட்டான். எனக்குத் தெரியும்."

"இப்போது எங்கே இருக்கிறான்?"

"காட்டில். இல்லையென்றால் மண்ணில்."

நான் தனித்தனிப் பத்திகளில் எழுதியவை ஒரே பையனுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. அவள் கல்லெறிந்ததற்கு என் கட்டுரையில் பத்தியே இல்லை. கிளம்பும்போது அவள் என் தோளைத் தொட்டு, உன் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். "நல்லது" என்றாள்.

திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டிருந்த ஜெரினா திடீரென்று, "ரியாஸ் காக்காவச் சுட்ட மாதிரி ஒருத்தனோட அக்கா வீட்ல உக்காந்து சாப்பிட்டிருக்கோம் லாத்தா! எப்படி உங்களால முடிஞ்சுது?" என்று வெடித்தாள். டோல்வேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். அடுத்த இடத்தையும் தவறவிட்டாள். கண்ணில் நீர் நிறைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம்.

"இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள்.

ஆனால் நான் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய காலையில் அவளே ஃபுராஹாவின் எண்ணை என் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். "அந்தம்மாவுக்குப் போர்வை கொடுக்கவே மறந்துட்டோம். வேன்லயே கெடக்கு" என்றாள்.

ஓக்லண்ட் விமான நிலையத்துக்கு ரியாஸ் வந்திருந்தான். கொஞ்சம் தொப்பை, தாடியில் நரை. என் பெட்டியை வலது கையால்தான் தூக்கினான். காரில் நான் முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் சிரித்தான்.

"இந்த ஊர்ல டிரைவர் இடது பக்கம் லாத்தா. செவிட்டுக் காது ஜன்னல் பக்கம் போயிடும். நல்ல காது உங்க பக்கம். இந்தியாவுல நான் ஓட்டினா நீங்க பேசறது ஒண்ணும் கேக்காது."

அவன் தன் காதைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. வழியெல்லாம் காய்ந்த புல் மூடிய மொட்டை மலைகள். சாலையோர வீடுகளின் புல்தரைகளில் தேர்தல் பலகைகள். மழலையர் பள்ளி வாசலில் காரை நிறுத்தியதும் மகள் ஸாரா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நிலோஃபர் ஆபீசிலிருந்து வரும்போது ரியாஸ் சமையலை முடித்திருந்தான். சமையல் மேடையில் தேர்வுப் புத்தகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றின்மேல் வாழைப்பழத் தட்டு.

"படிக்கிறாரு, பரீட்சைத் தேதி புக் பண்றாரு, அப்புறம் கேன்சல் பண்றாரு" என்றாள் நிலோஃபர், அவன் காதில் விழாத பக்கமாக நின்று. "என்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாரு மைனி. தோள்ல கையப் போட்டாக்கூடத் திடுக்குனு எந்திரிக்கிறாரு."

மறுநாள் காலை ஸாராவை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, காரை எங்காவது நிறுத்து என்றேன். ஒரு பூங்காவின் ஓரமாக நிறுத்தினான். ஃபுராஹா சொன்னது முழுவதையும் சொன்னேன். சைக்கிள், கேட், கல், சாலை வசூல், எதையும் விடவில்லை. அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான். நான் முடித்தபிறகும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கேட்டும்தான் லாத்தா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்க கேட்டும் மூடித்தான் இருந்துச்சு. நான் ஸ்ட்ரெச்சரோட உள்ள நின்னேன். கமாண்டர் ரேடியோல ஆர்டர் கேட்டுக் கத்திக்கிட்டே இருந்தாரு. அவர் கெட்டவர் இல்ல. எங்ககிட்ட ஆள் கம்மி. திறந்தா கூட்டத்தோட சுடறவனும் உள்ள வந்துருவான்னு பயம். அது பொய்ப் பயமும் இல்ல. காலைல திறந்தோம். அன்னிக்குப் பூரா தையல் போட்டேன். ஒரு அம்மா என் கையப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியல."

ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

"அப்புறம் ரோட்டுல எங்களைச் சுட்டாங்க. கொள்ளைக்காரங்கன்னு ரிப்போர்ட். இருக்கலாம். யாருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா மொதக் குண்டு கண்ணாடில பட்டப்போ எனக்கு ஆச்சரியமே வரல. 'வந்துட்டாங்க'ன்னு தோணுச்சு. நியாயம்தான்னு கூடத் தோணுச்சு. அதை உம்மாகிட்ட எப்படிச் சொல்ல? பதக்கம் குத்தின ஆள்கிட்ட எப்படிச் சொல்ல?"

"நியாயம்னு இப்பவும் தோணுதா?"

"எப்படித் தோணும்? என் டிரைவர் அங்கேயே செத்துட்டான். கேட்டு மூடியிருந்த அன்னிக்கு அவன் லீவுல ஊர்ல இருந்தான் லாத்தா. மகனுக்குக் காதுகுத்துன்னு போயிருந்தான். அவனுக்கும் அந்தக் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்? நியாயம்னு நெனச்சா அவன் மூஞ்சி வருது. அநியாயம்னு நெனச்சா கேட்டுக்கு வெளிய நின்னவங்க வர்றாங்க. ரெண்டுல ஒண்ணுல நிக்க முடியல."

அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். பூங்காவில் யாரோ நாயோடு ஓடினார்கள். அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை நிலோஃபரை அழைத்துக்கொண்டு நடக்கப் போனான். இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் என்றவர்கள் வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்கள். நிலோஃபரின் மூக்கு சிவந்திருந்தது. எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், "அந்த நம்பர் இருக்கா?" என்றான். போட்டுக் கொடுத்தேன். நல்லவேளை, ஃபுராஹா வீட்டில் இருந்தாள். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். முதலில் தனக்குத் தெரிந்த ஸ்வாஹிலியில் ஏதோ சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிப்பாய்களின் ஸ்வாஹிலி, எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார்கள். தான் யார் என்று சொன்னான். தங்கள் முகாமின் கேட்டும் ஒருநாள் மூடியிருந்தது என்று சொன்னான்.

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

"டாக்டர், ஒன்று கேட்க வேண்டும்" என்றாள் ஃபுராஹா. "நாங்கள் கத்தியது உள்ளே உங்களுக்குக் கேட்டதா? முகாம்களில் பெரிய ஜெனரேட்டர் ஓடும். அந்தச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று பராக்காவோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கேட்டது, கேட்டும் திறக்கவில்லை என்பான் அவன்."

ரியாஸ் என்னைப் பார்த்தான். ஜெனரேட்டர் ஓடியது, கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவள் இருந்த முகாம் வேறு, இவன் இருந்த முகாம் வேறு. யாரும் இவனைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

"உங்கள் ஊரில் எப்படி என்று எனக்குத் தெரியாது" என்றான். "எங்கள் முகாமில் கேட்டது. எல்லாம் கேட்டது."

"அப்படியென்றால் பராக்கா சொன்னதுதான் சரி" என்றாள்.

"அது மட்டும்தான் சரி" என்றான் ரியாஸ். "செத்துப்போன என் டிரைவர் கேட் மூடிய அன்றைக்கு அந்த நாட்டிலேயே இல்லை." ஸ்பீக்கரை அணைத்தான், ஃபோனை வலது காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனான்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்தான். பிறகு நின்றான். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டான். பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தான், எப்போதாவது தலையை ஆட்டினான், அவள் பார்ப்பதுபோல. ஸாராவை அழைத்துவர நேரமாகிவிட்டது. நிலோஃபருக்கு ஃபோன் செய்து, இன்று நீ போய்விடு என்றேன். அடுப்பில் இருந்த மீன் குழம்பை இறக்கி வைத்தேன்.

உள்ளே வந்தவன் நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான்.

"என்னடா சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் திட்டினாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை லீவாம். திரும்பக் கூப்பிடச் சொல்லிருக்காங்க."